ரத்த அணு இறங்கியது, டோஸ் ஏன் ஏறியது?

கேள்வி: என் மகனுக்கு எட்டு வாரம் ஆகிறது. பிறந்தவுடன் செய்த காது பரிசோதனையில் வலது காது தேறவில்லை. உடம்பில் பொடிப்பொடியாகச் சிவப்புப் புள்ளிகள் இருந்தன, பிளேட்லெட்டும் குறைவு. பத்தாம் நாள் சிறுநீரைச் சோதித்துவிட்டு, கருவிலேயே சிஎம்வி (சைட்டோமெகலோ வைரஸ்) தொற்றியிருக்கிறது என்றார்கள். பதினாறாம் நாளிலிருந்து வால்கான்சிக்ளோவிர் சிரப், 0.9 மி.லி., காலையும் இரவும். அப்போது எடை 2.8 கிலோ. நான்கு வாரம் ஒழுங்காகப் போனது. பிறகு ரத்தப் பரிசோதனையில் நியூட்ரோபில் என்ற ரத்த அணு 460 என்று வந்ததும் மருந்தை நிறுத்தச் சொன்னார்கள். எட்டு நாளில் 980-க்கு ஏறியது. சரி, இனிமேல் குறைத்துத் தருவார்கள் என்று பார்த்தால், 1.2 மி.லி. என்று கூட்டி எழுதிவிட்டார்கள்! இப்போது எடை 3.8 கிலோ. மருந்தால்தான் அணு குறைந்தது என்றால் மருந்தை ஏன் கூட்ட வேண்டும்? பயந்துபோய் மூன்று நாளாக யாரிடமும் சொல்லாமல் பழைய 0.9-ஐத்தான் கொடுத்துவருகிறேன். 'பெரியவர்களுக்கே யோசித்துக் கொடுக்கிற மருந்து, கேன்சர் வருமாம்' என்கிறார் மாமியார். வார்டில் பக்கத்துப் படுக்கைக் குழந்தைக்கு வேறொரு வைரஸ் மருந்து 21 நாளில் முடிந்தது, எங்களுக்கு மட்டும் ஏன் ஆறு மாதம்? ஒத்தாசைக்கு வரப்போகும் என் நாத்தனார் நான்கு மாத கர்ப்பிணி. அவர் குழந்தைக்கு மருந்து கொடுக்கலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: 

முதலில் அந்த மூன்று நாள் விஷயத்தை முடித்துவிடுவோம். இன்றைக்கே உங்கள் டாக்டரை அழைத்து, 'பயத்தில் 0.9 தான் கொடுத்தேன்' என்று சொல்லிவிடுங்கள். குழந்தைகள் வார்டு மருந்தகத்தில் இருபது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். டோஸைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்த அம்மாக்களை எண்ணி மாளாது. யாரையும் யாரும் திட்டியதில்லை. ஆனால் இது தெரியாவிட்டால் அடுத்த ரத்தப் பரிசோதனையை அவர்கள் தப்பாகப் படிப்பார்கள். 1.2 கொடுத்தும் அணு நன்றாக இருக்கிறது என்று அவர்கள் நினைப்பார்கள், உண்மையில் குழந்தைக்குப் போனது வேறு அளவாக இருக்கும். அடுத்த வேளையிலிருந்து எழுதிக் கொடுத்த அளவுக்கே திரும்புங்கள். விட்டுப்போனதைச் சேர்த்துக் கொடுத்து ஈடுகட்ட வேண்டாம்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். கருவில் சிஎம்வி தொற்றி, பிறக்கும்போதே அறிகுறியோடு இருக்கும் குழந்தைக்கு வால்கான்சிக்ளோவிர் அளவு, ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 16 மி.கி., பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. 2.8 கிலோவை 16-ஆல் பெருக்கினால் 45 மி.கி. வருகிறது. கம்பெனி தயாரிப்பாக வரும் சிரப்பில் ஒரு மி.லி.க்கு 50 மி.கி. மருந்து இருக்கும். ஆகவே 0.9 மி.லி. இப்போது 3.8 கிலோ. பெருக்கிப் பாருங்கள், 61 மி.கி. வரும். அதுதான் 1.2 மி.லி.

அதாவது உங்கள் டாக்டர் டோஸைக் கூட்டவே இல்லை. குழந்தை கூடியிருக்கிறான், அவனுக்குப் பின்னாலேயே மில்லிலிட்டரும் ஏறியிருக்கிறது. கிலோவுக்கு 16 என்பது அன்றைக்கும் அதேதான், இன்றைக்கும் அதேதான். நீங்கள் இந்த மூன்று நாளாகக் கொடுத்த 0.9, இன்றைய எடைக்குக் கிலோவுக்கு 12 மி.கி.கூட வரவில்லை.

சரி, அணு இறங்கியதே, அதற்காகவாவது குறைத்திருக்க வேண்டாமா? நியாயமான கேள்வி. நியூட்ரோபில் என்பது வெள்ளை அணுக்களில் ஒரு வகை, கிருமி உள்ளே நுழைந்தால் முதலில் ஓடிவந்து மல்லுக்கு நிற்பது அதுதான். இந்த மருந்து வைரஸ் தன் டிஎன்ஏவைப் படியெடுக்கும்போது குறுக்கே புகுந்து நிறுத்துகிறது. எலும்பு மஜ்ஜையிலும் செல்கள் ஓயாமல் படியெடுத்துப் பெருகிக்கொண்டே இருப்பதால் அவற்றுக்கும் கொஞ்சம் அடி விழுகிறது. இது எதிர்பார்த்த பக்க விளைவுதான். அதனால்தான் முதல் ஆறு வாரம் வாராவாரம் ரத்தம் எடுக்கிறார்கள், பிறகு எட்டாம் வாரம், அப்புறம் மாதம் ஒருமுறை. கல்லீரல் நொதிகளையும் மாதாமாதம் பார்ப்பார்கள். குட்டிக் குதிகாலில் குத்திக் குத்தி ரத்தம் எடுப்பதைப் பார்க்கச் சகிக்காதுதான். ஆனால் உங்கள் மகனின் 460-ஐப் பிடித்தது அந்தப் பரிசோதனைதான்.

பிடித்த பிறகு என்ன செய்வது என்பதற்கும் பெரும்பாலான இடங்களில் ஒரே படிக்கட்டுதான். எண்ணிக்கை 500-க்குக் கீழே போனால் மருந்தை நிறுத்தி, 750-ஐத் தாண்டும்வரை காத்திருப்பார்கள். தாண்டியதும் முழு அளவிலேயே மறுபடி தொடங்குவார்கள். திரும்பவும் இறங்கினால் அப்போதுதான் பாதியாகக் குறைப்பார்கள். பாதி டோஸிலும் 500-க்குக் கீழே விழுந்தால் மருந்தை விட்டுவிட வேண்டியதுதான். உங்கள் மகன் இதில் முதல் படியில் இருக்கிறான். 980-க்கு ஏறினான், முழு டோஸ் திரும்பியது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் எல்லாம் நடக்க வேண்டிய வரிசையில்தான் நடந்திருக்கிறது.

இன்னொன்று உங்கள் மனதை லேசாக்கலாம். இந்த மருந்து பற்றிய முக்கியமான ஆய்வு 2015-ல் வந்தது. அமெரிக்காவில் அலபாமா பல்கலைக்கழகத்தின் டேவிட் கிம்பர்லின் குழு நடத்தியது, 96 குழந்தைகள். எல்லோருக்கும் ஆறு வாரம் மருந்து கொடுத்தார்கள். பிறகு ஒரு பாதிக்கு ஆறு மாதம்வரை மருந்தைத் தொடர்ந்தார்கள், மறுபாதிக்குப் பார்க்க அதேபோல் இருக்கும் வெறும் திரவம். முதல் ஆறு வாரத்தில் 19 சதவீதக் குழந்தைகளுக்கு நியூட்ரோபில் கடுமையாக இறங்கியது. அடுத்த நாலரை மாதத்தில்? மருந்து தொடர்ந்தவர்களில் 21 சதவீதம். வெறும் திரவம் குடித்தவர்களில் 27 சதவீதம்! மருந்தே இல்லாத பிள்ளைகளுக்கும் இறங்கியது. சிஎம்வி வைரஸே அணுக்களைக் கீழே இழுக்கக்கூடியது. ஆகவே 460-க்கு முழுப் பழியையும் பாட்டில் மேல் போட முடியாது. இந்த சிரப் உடம்புக்குள் போய் கான்சிக்ளோவிர் என்ற மருந்தாகத்தான் மாறுகிறது; முன்பு அந்தக் கான்சிக்ளோவிரையே நரம்பு வழியாக ஆறு வாரம் கொடுத்த 2003-ஆம் ஆண்டு ஆய்வில் 63 சதவீதம் பேருக்கு இந்தச் சிக்கல் வந்தது. அதோடு ஒப்பிட்டால் சிரப் எவ்வளவோ மென்மை.

இதற்காக அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். குழந்தைக்கு உடம்பு சுட்டால், தெர்மாமீட்டர் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், காத்திருக்க வேண்டாம். காய்ச்சல் சொட்டு மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்ற யோசனையே வேண்டாம். நேரே மருத்துவமனை. மூன்று மாதத்துக்குட்பட்ட எந்தக் குழந்தைக்கும் இதுதான் விதி, நியூட்ரோபில் இறங்கிய குழந்தைக்கு இரட்டிப்பாக. பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலும் அப்படியே. வாந்தியும் வயிற்றுப்போக்கும் விடாமல் போனாலும் உடனே சொல்லுங்கள். இந்த மருந்து பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. உடம்பில் நீர் வற்றினால் மருந்து உள்ளேயே தங்கும்.

மாமியாரின் கவலையில் பாதி, 'பெரியவர்கள் மருந்தைப் பச்சைக் குழந்தைக்கா?' என்பது. அவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். சிஎம்வி சிகிச்சைக்குப் பெரியவர்கள் சாப்பிடுவது ஒரு வேளைக்கு 900 மி.கி., அதாவது 450 மி.கி. மாத்திரை இரண்டு. 60 கிலோ ஆளுக்கு அது கிலோவுக்கு 15 மி.கி. உங்கள் மகனுக்கு 16. ஏறக்குறைய ஒரே அளவுதான். பச்சிளம் குழந்தை என்றால் எல்லா மருந்தையும் கிலோவுக்கும் குறைவாகத்தான் கொடுப்பார்கள் என்பது பலருடைய எண்ணம். குழந்தையின் குடல் மருந்தை உறிஞ்சும் விதம் வேறு, சிறுநீரகம் வாராவாரம் தேறிக்கொண்டே வரும் விதம் வேறு. பெரியவர்கள் டோஸைச் சின்னதாக வெட்டி ஒட்டியதில்லை இந்த 16. நரம்பில் கிலோவுக்கு 6 மி.கி. கான்சிக்ளோவிர் ஏற்றினால் ரத்தத்தில் எவ்வளவு மருந்து இருக்குமோ, அதே அளவை வாய்வழியாகக் கொண்டுவர எவ்வளவு சிரப் தேவை என்று பிறந்த குழந்தைகளிடமே சொட்டுச் சொட்டாக ரத்தம் எடுத்து அளந்து, 2008-ல் வெளியிட்ட எண் அது. அதற்கு முன்பு ஆறு வாரம் முழுக்க நரம்பில் ஊசியோடு மருத்துவமனையிலேயே கிடக்க வேண்டியிருந்தது.

ஒரு வரையறையும் உண்டு. 2015 ஆய்வில் சேர்த்தது 32 வாரமாவது கருவில் இருந்து, 1,800 கிராமாவது எடையுள்ள குழந்தைகளை. அதைவிடக் குறைப்பிரசவத்தில் பிறந்த குழந்தையின் அம்மா யாராவது இதைப் படித்தால், இந்த 16-ஐத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் வாதாடப் போகாதீர்கள். அந்தச் சிறுநீரகங்களுக்குக் கணக்கு வேறு.

குறைத்துக் கொடுத்தால் 'கொஞ்சம் பாதுகாப்பு' என்று தோன்றுவது இயல்பு. வைரஸ் மருந்துகளில் அது அப்படி வேலை செய்வதில்லை. ரத்தத்தில் மருந்து போதாமல் இருந்தால் வைரஸ் பெருகிக்கொண்டே இருக்கும், மருந்தைப் பார்த்துக்கொண்டே பெருகும். அதில் மருந்துக்கு மசியாத வகை தேறி வர இடம் கிடைக்கும். பக்க விளைவும் முழுசாகப் போகாது, பலனும் முழுசாகக் கிடைக்காது. இதை எனக்குப் பாடமாகச் சொல்லித் தந்தது ஒரு குழந்தை. நான் முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், 3.2 கிலோவில் 1 மி.லி. என்று தொடங்கினார்கள். சரியான அளவுதான். அடுத்த மாதம் வேறொரு டாக்டர், பழைய சீட்டைப் பார்த்து அப்படியே எழுதினார். அதற்கடுத்த மாதமும் அப்படியே. மூன்று தடவையும் பாட்டிலை எடுத்துக் கொடுத்தது நான். 'எடை என்ன' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலாவது தடவை அந்த அப்பா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தபோதுதான் உறைத்தது, கொழுகொழுவென்று இருந்தான். எடை போட்டால் 6.2 கிலோ. கிடைக்க வேண்டியது 2 மி.லி., கிடைத்துக்கொண்டிருந்தது 1. பாதி டோஸில் எத்தனை வாரம் ஓடியதோ! யாரும் தப்பான எண்ணை எழுதவில்லை, எண் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது, அவ்வளவுதான். அன்றிலிருந்து இந்த மருந்துக்குச் சீட்டு வந்தால், குழந்தையைத் தராசில் போடாமல் பாட்டிலில் கை வைப்பதில்லை.

அதனால் நீங்கள் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு சின்ன நோட்டில் தேதி, எடை, மி.கி., மி.லி. என்று நாலு கட்டம் போட்டு, ஒவ்வொரு முறை போகும்போதும் எழுதுங்கள். குறைந்தது மாதம் ஒருமுறை எடைக்கேற்ப டோஸை மாற்ற வேண்டும். யாரும் மாற்றவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். வீட்டில் நீங்களாக மாற்றத்தான் கூடாது, கேட்பதற்கு என்ன?

மி.கி., மி.லி. இரண்டையும் எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. எல்லா இடத்திலும் ஒரே சிரப் கிடைப்பதில்லை. கம்பெனி பாட்டில் கிடைக்காத இடத்தில் மருந்தகத்திலேயே மாத்திரையிலிருந்து கரைசல் செய்து தருவார்கள். அதில் ஒரு மி.லி.க்கு 60 மி.கி. இருந்தால் உங்கள் மகனுக்கு 1 மி.லி. போதும், 1.2 தேவையில்லை. பாட்டில் மாறும்போது லேபிளில் 'ஒரு மி.லி.யில் எத்தனை மி.கி.' என்பதைப் படித்த பிறகே சிரிஞ்சை எடுங்கள். தயவுசெய்து வீட்டில் மாத்திரையை நசுக்கிக் கரைக்காதீர்கள். அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாத பொருள்.

சிரிஞ்சும் ஒரு வம்பு. கம்பெனி பாட்டிலோடு வரும் சிரிஞ்சில் கோடுகள் மில்லிகிராமில் இருக்கும், 25, 50, 75 என்று 500 வரைக்கும். பெரிய பிள்ளைகளுக்கு அது வசதி. 61 மி.கி.யை அதில் எங்கே போய்த் தேடுவது? ஐம்பதுக்கும் எழுபத்தைந்துக்கும் நடுவில் குத்துமதிப்பாக இழுக்க வேண்டியதுதான். 0.1 மி.லி. கோடுகள் உள்ள, ஊசி மாட்ட முடியாத சின்ன வாய்வழி சிரிஞ்சை மருந்தகத்தில் கேட்டு வாங்குங்கள். பாட்டிலை நன்றாகக் குலுக்கி, மருந்தை உறிஞ்சி, சிரிஞ்சை நிமிர்த்திப் பிடித்துச் சுண்டிக் காற்றுக் குமிழியை மேலே ஏற்றி வெளியே தள்ளுங்கள். 1.2 மி.லி.யில் ஒரு பட்டாணி அளவு குமிழி இருந்தாலே கணிசமாகக் குறைந்துவிடும். கன்னத்தின் உட்புறமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், பால் குடிக்கும் நேரத்தை ஒட்டிக் கொடுங்கள். உணவோடு சேர்ந்தால் இந்த மருந்து நன்றாக உள்ளே போகும். முழுப் பால் பாட்டிலில் மட்டும் கலக்காதீர்கள், பாதியில் தூங்கிவிட்டால் எவ்வளவு மருந்து போனது என்று யாருக்குத் தெரியும்? கொடுத்தவுடன் கக்கிவிட்டால் திரும்பக் கொடுப்பதா வேண்டாமா என்பதை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு அதே நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு வேளை மறந்துபோய், அடுத்த வேளை நெருங்கியும்விட்டால் அதை விட்டுவிடுங்கள். இரட்டை டோஸ் எப்போதும் கூடாது.

ஆறு மாதம் ஏன்? இந்த மருந்து வைரஸை வேரோடு பிடுங்குவதில்லை, பெருகாமல் பிடித்துவைக்கிறது. நிறுத்தினால் ரத்தத்திலும் சிறுநீரிலும் வைரஸ் அளவு திரும்ப ஏறும். ஆகவே காதும் மூளையும் வேகமாக உருவாகும் மாதங்களை அதன் கையில் விடாமல் காப்பாற்றுவதுதான் நோக்கம். மேலே சொன்ன 2015 ஆய்வில், இரண்டு வயதில் கேள்வித்திறன் தேறிய அல்லது சீராகவே இருந்த காதுகள் ஆறு மாதக் குழுவில் 77 சதவீதம், ஆறு வாரக் குழுவில் 64 சதவீதம். மொழி வளர்ச்சி மதிப்பெண்ணும் ஆறு மாதக் குழுவுக்கே மேல். பிரமாதமான வித்தியாசம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பேச்சு வரும் வயதில் கேள்வித்திறனில் வரும் சின்ன வித்தியாசமும் பெரிதுதான். உங்களிடம் ஒன்றை மறைக்கவும் விரும்பவில்லை: வலது காதில் ஏற்கெனவே போனது திரும்பி வரும் என்று இந்த மருந்தை வைத்து யாரும் உறுதி தர முடியாது. இருப்பதைக் காப்பாற்றுவதுதான் இதன் முதல் வேலை. சிஎம்வியில் கேள்வித்திறன் பிறகும் மெல்ல மெல்லக் குறையலாம், நன்றாக இருக்கும் இடது காதிலும். ஆகவே முதல் வருடத்தில் சில மாதங்களுக்கு ஒருமுறை, பிறகும் பள்ளி வயதுவரை காதுப் பரிசோதனை விடாமல் நடக்க வேண்டும். மருந்து முடிந்துவிட்டதே என்று பல வீடுகளில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். எனக்கு டோஸைவிட இது பெரிய கவலை.

பக்கத்துப் படுக்கைக் குழந்தையின் 21 நாள், ஹெர்ப்பீஸ் வைரஸாக இருக்க வேண்டும். அதற்கு அசைக்ளோவிர், நரம்பு வழியாக, கிலோவுக்கு 20 மி.கி., எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. தோல், கண், வாயோடு நின்றால் 14 நாள், மூளைக்கோ உடம்பு முழுக்கவோ பரவியிருந்தால் 21 நாள். அது பெரும்பாலும் பிரசவ நேரத்தில் தொற்றுவது, உங்களுடையது கருவிலேயே தொற்றியது. வைரஸ் வேறு, மருந்து வேறு. அசைக்ளோவிர் சிஎம்வியிடம் போதுமான அளவு பலிக்காது. அப்புறம் ஒரு வேடிக்கை: அந்தக் குழந்தை 21 நாளில் வீட்டுக்குப் போனாலும், வைரஸ் திரும்பக் கிளம்பாமல் இருக்க ஆறு மாதம் வாய்வழி அசைக்ளோவிர் கொடுப்பதுதான் இப்போதைய வழக்கம். அந்த டோஸையும் எடையை வைத்துப் போடுவதில்லை, உடல் பரப்பளவை வைத்துப் போடுகிறார்கள், சதுர மீட்டருக்கு 300 மி.கி., தினம் மூன்று வேளை. உங்களுக்கு இரண்டு வேளைதான். ஒரு குழந்தையின் டோஸை இன்னொரு குழந்தையின் டோஸோடு ஒப்பிட ஆரம்பித்தால் ராத்திரித் தூக்கம்தான் போகும்.

கேன்சர் விஷயத்தில் உங்கள் மாமியார் ஒன்றும் கட்டிவிடவில்லை. மருந்தோடு வரும் தாளிலேயே இருக்கிறது. ஆய்வக விலங்குகளில் கட்டிகள் வந்திருக்கின்றன, விந்தணு உற்பத்தியும் பாதித்திருக்கிறது. சிகிச்சை எடுத்த குழந்தைகளில் இதுவரை அப்படி ஒரு தொடர்பு தெரிய வரவில்லை. ஆனால் இந்த எச்சரிக்கையை மனதில் வைத்துத்தான், சிஎம்வி இருந்தும் எந்த அறிகுறியும் இல்லாமல், காதும் நன்றாக இருக்கும் குழந்தைகளுக்கு இதைக் கொடுப்பதில்லை. உங்கள் மகனுக்குப் பிளேட்லெட் குறைவு, சிவப்புப் புள்ளிகள், காதுக் குறை எல்லாம் சேர்ந்திருந்தன. அவனுக்கு மருந்து இல்லாமல் விடுவதுதான் பெரிய ஆபத்து என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கோடு நான் ஒத்துப்போகிறேன். நல்லவேளையாகப் பத்தாம் நாளே சோதித்திருக்கிறார்கள். 21 நாளுக்குள் எடுத்த சிறுநீரிலோ எச்சிலிலோ வைரஸ் தெரிந்தால்தான் கருவில் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியும். அதற்கு மேல் போனால் பிறந்த பிறகு தொற்றியதா என்ற குழப்பம் வந்துவிடும். சிகிச்சையையும் முதல் மாதத்துக்குள் தொடங்குவதற்குத்தான் உறுதியான ஆதாரம் இருக்கிறது. உங்களுக்கு இரண்டும் நேரத்தில் நடந்திருக்கின்றன.

நாத்தனார் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: மருந்து கொடுக்கும் வேலை அவருக்கு வேண்டாம். கருவைப் பாதிக்கக்கூடிய மருந்து இது. கையில் படுவதோ சிந்தியதைத் துடைப்பதோகூட வேண்டாம், அவர் அதைத் தொடாமலேயே இருப்பது நல்லது. நீங்களும் கையுறை போட்டுக்கொண்டு, சிந்தினால் ஈரத் துணியால் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மருந்தைத் தவிர வைரஸும் இருக்கிறது. குழந்தையின் எச்சிலிலும் சிறுநீரிலும் சிஎம்வி வருடக்கணக்கில் வந்துகொண்டிருக்கும். டயபர் மாற்றுவது, மூக்கைத் துடைப்பது, சூப்பானைக் கழுவுவது போன்றவற்றை அவர் தவிர்க்கட்டும். செய்ய நேர்ந்தால் உடனே சோப்புப் போட்டு நன்றாகக் கை கழுவட்டும். உதட்டில் முத்தம் வேண்டாம், நெற்றியில் கொடுக்கலாம். இதற்காகக் குழந்தையை அவரிடமிருந்து ஒளித்துவைக்க வேண்டியதில்லை, மடியில் வைத்துக் கொஞ்சினால் தொற்றிவிடாது. அவரும் தன் மகப்பேறு டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லிவைப்பது நல்லது. மருந்து கொடுப்பதை உங்கள் கணவரும் மாமியாரும் பழகிக்கொள்ளட்டும். மாமியார் சிரிஞ்சைத் தானே பிடித்து 1.2 கோட்டைப் பார்க்க ஆரம்பித்தால், கேன்சர் பேச்சு தன்னால் குறையும் என்பது என் அனுபவம்.

தாய்ப்பால் கொடுக்கலாமா, தடுப்பூசி போடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, எல்லோரும் கேட்பார்கள். நிறைமாதக் குழந்தை என்றால் தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை, தடுப்பூசியும் அந்தந்த நேரத்தில் போய்க்கொண்டே இருக்கட்டும்.

கடைசியாக ஒரு அவசரம். நீங்கள் மருந்து தொடங்கி நாற்பது நாள் ஆகியிருக்கும். கம்பெனி சிரப்பைத் தண்ணீர் விட்டுக் கலக்கிய நாளிலிருந்து 49 நாள்தான் அதன் ஆயுள், அதுவும் ஃபிரிட்ஜில் வைத்திருந்தால். நீங்கள் நடுவில் எட்டு நாள் நிறுத்தியதால் பாட்டிலில் இன்னும் நிறைய இருக்கும், தூக்கிப் போட மனசு வராது. லேபிளில் கலக்கிய தேதியைப் பாருங்கள். முடிந்திருந்தால் மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டாமல் மருந்தகத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, புதுப் பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். போகும்போது குழந்தையையும் எடுத்துப் போய் ஒருமுறை எடை போட்டுவிடுங்கள்.